நாலாம் கேபினில் யார்? – கம்ப்யூட்டர் அண்ணாச்சி பதில்கள்

போன இதழில் ஐபி முகவரி (இன்டர்நெட்டில் நம் கனெக்‌ஷனுக்கு இருக்கிற நம்பர்) பற்றி ஒரு பதிலில் போகிற போக்கில் ரெண்டு வரி எழுதினேன். இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி அதைப் பற்றியே. கேள்வி எல்லாம் அடையாளம் தெரிந்துவிடுமா என்று இருக்கும்போது, கேட்டவர் பெயரை நானே அச்சில் போட்டால் நன்றாக இருக்காது. அதனால் இந்த முறை ஊர் மட்டும்.

தென்காசி: நான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். வீட்டில் பைபர் கனெக்‌ஷன். ஐபி முகவரி காட்டும் தளம் ஒன்றில் பார்த்தால் நான் சென்னையில் இருப்பதாகச் சொல்கிறது. மருமகன் போனில் பார்த்தால் மும்பை என்கிறது. ஆனால் கூகுள் மேப் என் வீட்டுத் திண்ணையையே காட்டுகிறது. எதை நம்புவது?

ஐயா, திண்ணையை நம்புங்கள். சென்னை, மும்பை என்று சொல்வது ஐபியை வைத்து. திண்ணையைக் காட்டுவது போன் தானாகக் கண்டுபிடித்தது. ரெண்டும் வேறு வேறு சங்கதி.

ஐபி முகவரி என்பது உங்கள் கனெக்‌ஷனுக்கு இன்டர்நெட் கம்பெனி அந்த நேரத்துக்குக் கொடுத்திருக்கிற நம்பர். எந்தத் தளத்தைத் திறந்தாலும் அந்த நம்பர் அங்கே போய்ச் சேரும். போகாவிட்டால் பதிலை யாருக்கு அனுப்புவது என்று அந்தத் தளத்துக்குத் தெரியாது. பெயரில் 'முகவரி' என்று இருப்பதால் கதவு எண், தெரு மாதிரி நினைத்துவிடுகிறோம். அந்த நம்பருக்குள் ஊர் எதுவும் கிடையாது. நம் ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கு இந்த நம்பர்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்துக் கொடுக்கும் ஏப்னிக் என்ற அமைப்பு ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் இருக்கிறது. இந்தக் கட்டு இந்தக் கம்பெனிக்கு என்று அவர்கள் பதிவேட்டில் இருக்கும். அதில் எந்த நம்பர் இன்றைக்குத் தென்காசியில் எந்த வீட்டில் இருக்கிறது என்பது அந்தக் கம்பெனிக்குத்தான் தெரியும்.

ஊர் சொல்லும் தளங்கள் வைத்திருப்பது, சில தனியார் கம்பெனிகள் ஊகித்துத் தொகுத்த பட்டியல். உங்கள் வீட்டு டேட்டா தென்காசியிலிருந்து கம்பெனியின் பெரிய நிலையம் ஒன்றுக்குப் போய், அங்கிருந்துதான் வெளியே போகும். அது சென்னையில் இருந்தால் பட்டியலில் நீங்களும் சென்னைக்காரர். மருமகனின் கம்பெனி மும்பை வழியாக அனுப்பினால் அவர் மும்பைக்காரர்.

இந்த ஊகத்தின் லட்சணத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் மேக்ஸ்மைண்ட் என்ற கம்பெனி இப்படிப் பட்டியல் விற்கிறது. அமெரிக்கா என்று தெரிகிறது, ஊர் தெரியவில்லை என்கிற நம்பர்களுக்கெல்லாம் நாட்டுக்கு நடுவில் உத்தேசமாக ஒரு புள்ளி வைத்தார்கள். வடக்கே 38 டிகிரி, மேற்கே 97 டிகிரி என்று ரவுண்டாக. அந்தப் புள்ளி கான்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டின்மேல் போய் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட ஐபி நம்பர்கள் அந்த ஒரே வீட்டைக் காட்டின. வருடக்கணக்காக ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். லேப்டாப்பைப் பறிகொடுத்தவர்கள், ஏமாற்றியவனைத் தேடி வந்தவர்கள், எஃப்.பி.ஐ., ஒரு சமயம் ஆம்புலன்ஸ்கூட. குடியிருந்தவர்களுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. 2016ல் விஷயம் செய்தியில் வந்த பிறகு, கம்பெனி அந்தப் புள்ளியை நகர்த்தி ஒரு ஏரிக்கு நடுவில் வைத்தது. தேடி வருகிறவர்கள் இனி பரிசலில் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள் போல.

கூகுள் மேப்புக்கு வருவோம். போனில் ஜி.பி.எஸ். இருக்கிறது, அது ஒன்று. இன்னொன்று, உங்கள் தெருவில் இருக்கிற வைஃபை ரூட்டர்கள். ஒவ்வொரு ரூட்டரும் தனக்கென்று ஒரு அடையாள எண்ணைச் சுற்றிலும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அந்த வழியாகப் போகிற போன்கள் 'இந்த எண் இந்த இடத்தில் கேட்டது' என்று கூகுளுக்கும் ஆப்பிளுக்கும் சொல்லிச் சொல்லி, பெரிய பட்டியலே சேர்ந்துவிட்டது. ஜி.பி.எஸ். இல்லாத லேப்டாப்பும் தெருவைச் சரியாகச் சொல்வது இதனால்தான். என் வாடிக்கையாளர் ஒருவர் திருநெல்வேலி டவுனிலிருந்து தூத்துக்குடிக்கு வீடு மாறினார். ரூட்டரையும் கழற்றிக்கொண்டு போனார். தூத்துக்குடியில் கடற்காற்று வாங்கிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தால் அது நெல்லையப்பர் கோயில் பக்கத்தில் இருக்கிறேன் என்று சொன்னது. ஒரு மாதம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கூகுள் பட்டியலில் உங்கள் ரூட்டர் வேண்டாம் என்றால், வைஃபை பெயரின் கடைசியில் ஆங்கிலத்தில் அண்டர்ஸ்கோர் போட்டு 'நோமேப்' (_nomap) என்று சேர்த்துவிடுங்கள்.

பாளையங்கோட்டை: சைபர் போலீஸ் என்று வீடியோ காலில் ஒருவன் வந்தான். என் ஐபி முகவரியிலிருந்து தப்பான படங்கள் போயிருக்கின்றன, நான் டிஜிட்டல் அரெஸ்ட்டில் இருக்கிறேன், அறையை விட்டு நகரக் கூடாது என்றான். ஐபி நம்பரைச் சரியாகப் படித்துக் காட்டினான். நல்லவேளை, மகள் வந்து போனைப் பிடுங்கி அணைத்தாள். இருந்தாலும் கேட்கிறேன், ஐபியை வைத்து உண்மையிலேயே வீட்டுக்கு வர முடியுமா?

அம்மா, மகளைப் பெற்ற வயிறு குளிரட்டும். டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் நாட்டுச் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. போலீஸ் வீடியோ காலில் கைது செய்வதும் கிடையாது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடித்து நடந்ததைச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் அடுத்த நிமிடமே அடிக்க வேண்டிய எண்ணும் அதுதான்.

அவன் உங்கள் ஐபியைச் சொன்னது பெரிய வித்தை இல்லை. அதற்கு முன்னால் ஏதாவது ஒரு லிங்க் அனுப்பியிருப்பான், நீங்கள் தொட்டிருப்பீர்கள். தொட்டாலே நம்பர் அவனுக்குப் போய்விடும். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவருக்கு நம் பெயர் தெரிகிற மாதிரி. பெயர் தெரிந்ததற்காக நம் பீரோ சாவி அவரிடம் போய்விடுமா?

இனி உங்கள் அசல் கேள்வி. வீட்டுக்கு வர முடியுமா என்றால், முடியும். ஆனால் வீட்டுக்கு வருவது வேறு, ஆளைப் பிடிப்பது வேறு. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

2001லிருந்து உங்கள் பாளையங்கோட்டையில்தான் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். பிளைவுட் அடித்த எட்டு கேபின், மணிக்கு 30 ரூபாய். காசுக் கணக்குக்காக ஒரு நீள நோட்டு. கேபின் நம்பர், பெயர், வந்த நேரம், போன நேரம். சைபர் கபேக்காரர்கள் இப்படிப் பதிவேடு போட்டு ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது 2011ல்தான். நான் கணக்குப் பார்ப்பதற்காக முன்னாலேயே வைத்திருந்தேன்.

2005ல் ஒரு நாள் காலையில் ரெண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். யாரோ ஒருவர் என் கடையிலிருந்து ஒரு குடும்பத்துக்கு மிரட்டல் மெயில் அனுப்பியிருக்கிறார். மெயிலில் இருந்த ஐபியை இன்டர்நெட் கம்பெனியிடம் கொடுத்து, என் கடை போன் நம்பரையும் முகவரியையும் வாங்கி வந்திருந்தார்கள். கம்பெனி சொன்னது சரி. அது என் கனெக்‌ஷன்தான். மோடத்தை நான் அணைப்பதே கிடையாது, நாள் முழுக்க ஒரே ஐபி. அந்த ஒரு ஐபியில்தான் எட்டு கேபினும் ஓடும். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு எட்டுப் பேரும் ஒரே ஆள்.

நேரத்தைப் பார்த்தார்கள். மெயிலில் 6.50. காலை 6.50க்குக் கடை பூட்டியிருக்கும். அப்படியானால் சாயங்காலம். நோட்டைப் புரட்டினால் சாயங்காலம் 6.50க்கு ரெண்டு பேர்தான் இருந்திருக்கிறார்கள், நாலாம் கேபினிலும் ஐந்தாம் கேபினிலும். ஐந்தில் ஒரு வயசான மனிதர், வெளிநாட்டில் இருக்கிற பேரனோடு சாட் பண்ண வருகிறவர். நாலில் கல்லூரிப் பையன். கேட்கவா வேண்டும்? பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். என் கடையில் யு.பி.எஸ். வைத்திருந்த மூலையில் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, நான் ரிசல்ட் பார்க்கத்தான் வந்தேன், சொல்லுங்க அண்ணாச்சி" என்று அழுகிறான். என்ன சொல்வது? நோட்டு என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

அந்த பிரிண்ட் அவுட்டை நான் ஒரு முறை பார்க்கட்டுமா என்று கேட்டேன். 06:50:12 என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் சின்னதாக –0700. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. மெயில் சர்வர் கலிபோர்னியாவில். அந்த –0700 என்பது அவர்கள் ஊர் நேரம், கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் பின்னால். நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். கூட்டினால் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அவர்களுக்குக் காலை 6.50 என்றால் நமக்குச் சாயங்காலம் 7.20. முழுதாகப் பன்னிரண்டு மணி நேரமாக இருந்திருந்தால் காலையைச் சாயங்காலம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டதே சரியாகப் போயிருக்கும். அந்த அரை மணி நேரத்தில்தான் பையன் மாட்டினான். நோட்டில் பார்த்தோம். நாலாம் கேபின் 7.05க்குக் காலி. 7.20க்கு இருந்தவர்கள் வேறு மூன்று பேர்.

எஸ்.ஐ. ஒன்றும் பேசவில்லை. பையனைப் பார்த்து "போ" என்றார். அந்த மூன்று பேரில் யார் என்பதை ஐபி சொல்லவில்லை, என் நோட்டும் சொல்லவில்லை. அதை அவர்கள் விசாரித்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

என் கடையில் நடந்தது ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. 2007ல் பெங்களூரில் ஒரு மென்பொருள் இன்ஜினியருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆர்குட் என்ற அந்தக் காலத்துச் சமூக வலைத்தளத்தில் சத்ரபதி சிவாஜியை அவமதித்து யாரோ போட்ட படத்துக்காக, புனே போலீஸ் வந்து இவரைப் பிடித்துப் போனது. இன்டர்நெட் கம்பெனி அந்த ஐபிக்கு உரியவர் என்று தவறான ஆளின் விவரத்தைக் கொடுத்திருந்தது. 50 நாள் சிறையில் இருந்தார்.

இன்றைக்கு இது இன்னும் சிக்கல். பழைய வகை ஐபி நம்பர் உலகத்துக்கே மொத்தம் 429 கோடிதான். 2011 ஏப்ரலில் ஏப்னிக்கின் கையிருப்பு கடைசிக் கட்டுக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு கம்பெனிக்கு 1,024 நம்பர்தான் என்று ரேஷன் கடை மாதிரி அளந்தார்கள். அதனால் கம்பெனிகள் ஒரே நம்பரைப் பல வீடுகளுக்கும் போன்களுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. என் கடையில் எட்டு கேபின் என்றால், இப்போது ஒரு தெருவே கேபின். உங்கள் ரூட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து 'வேன் ஐபி' (WAN IP) என்கிற இடத்தைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் ஆரம்பித்தால் நீங்கள் பங்கு நம்பரில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். இப்படிப்பட்ட இடத்தில் ஆளைப் பிரித்துச் சொல்ல ஐபி மட்டும் போதாது. போர்ட் எண் (ஒரே ஐபியைப் பங்கு போடுகிறவர்களைப் பிரித்துக் காட்டக் கூடவே வருகிற எண்) வேண்டும், நேரம் நொடிக் கணக்கில் சரியாக வேண்டும். புதிய வகை ஐபி வெர்ஷன் 6ல் நம்பருக்குப் பஞ்சமில்லை, வீட்டுக்கு வீடு தனி நம்பர். அங்கே கதை மறுபடி மாறும்.

ஆகவே அம்மா, நிஜ போலீஸ் வருவதென்றால் கம்பெனிக்கு எழுத்தில் கேட்டு, பெயரையும் முகவரியையும் வாங்கிக்கொண்டு, எழுத்தில் நோட்டீஸோடு வருவார்கள். வீட்டில் யார் யார் அந்த வைஃபையைப் பயன்படுத்துகிறார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்கு பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

கோவில்பட்டி: இன்காக்னிட்டோவில் பார்த்தால் ஹாஸ்டல் வார்டனுக்குத் தெரியுமா அண்ணாச்சி?

தம்பி, இன்காக்னிட்டோ என்பது பார்த்த தளங்களை பிரௌசர் குறித்துவைக்காத ஜன்னல். அது மறைப்பது உனக்கு அடுத்து உன் லேப்டாப்பைத் திறக்கிற ஆளிடமிருந்து. வார்டனிடமிருந்து இல்லை. ஹாஸ்டல் ரூட்டர் வழியாகத்தான் எல்லாம் போகிறது. பூட்டுச் சின்னம் போட்ட தளமாக இருந்தால் உள்ளே என்ன படித்தாய், என்ன டைப் பண்ணினாய் என்பது தெரியாது. எந்தத் தளம், எத்தனை மணிக்கு, எவ்வளவு எம்.பி. என்பது பெரும்பாலும் தெரியும். தளத்தின் பெயரை நம்பராக மாற்றித் தரும் டி.என்.எஸ். கேள்வி சாதாரணமாகத் திறந்த தபால் கார்டு மாதிரிதான் போகும்.

அது போகட்டும். நான் ஒரு ஹாஸ்டலுக்கு ரூட்டர் போடப் போயிருந்தேன். இணைந்திருக்கிற சாதனங்களின் பட்டியலைத் திறந்தால் போன்கள் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. ஒரு போனின் பெயர் 'வார்டனுக்கு ஆப்பு'. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் வார்டன். போன் செட்டிங்கில் போய் முதலில் அந்தப் பெயரை மாற்று.

பெயர், ஊர் ரெண்டும் வேண்டாம் என்று எழுதிய வாசகி: ஒரு போலிக் கணக்கிலிருந்து என் படத்தை மாற்றி அசிங்கமாக அனுப்புகிறான். 5,000 ரூபாய் கொடுத்தால் ஐபியைப் பிடித்து அவன் வீட்டு அட்ரஸையே எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதே தங்கச்சி. அவரால் முடியாது. அந்தப் போலிக் கணக்குக்காரனின் ஐபி உன் போனுக்கு வருவதே இல்லை, அந்தச் சமூக வலைத்தளத்தின் சர்வரோடு நின்றுவிடுகிறது. அவனை ஏமாற்றி ஒரு லிங்க்கைத் தொட வைத்து ஐபியை எடுத்தாலும், கிடைப்பது ஒரு நம்பர். மேலே சொன்ன மாதிரி அது ஒரு தெருவுக்கே பொதுவான நம்பராக இருக்கலாம். அதைப் பெயராக மாற்றும் பதிவேடு டெலிகாம் கம்பெனியிடம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க போலீஸும் கோர்ட்டும் வேண்டும். 5,000 ரூபாய்க்கு அவர் தரப்போவது கூகுள் மேப்பில் ஏதோ ஒரு புள்ளி. கான்சாஸ் கதையை மேலே படித்திருப்பாய். சம்பந்தமில்லாத ஒரு வீட்டு வாசலில் உன் அண்ணன் தம்பி போய் நிற்க நேரும்.

நீ செய்ய வேண்டியது வேறு. எரிச்சலில் அந்த மெசேஜ்களை அழித்துவிடாதே, பிளாக் பண்ணுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் எடுத்து வை. வெறும் படம் போதாது. அந்தக் கணக்கின் லிங்க், தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட். பெயரை அவன் நாளைக்கே மாற்றுவான், லிங்க் இருந்தால் பிடி இருக்கும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்களுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது, அதில் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் பெண்களுக்கான உதவி எண் 181. அந்த வலைத்தளத்திலும் தனியாகப் புகார் செய். இப்படி மாற்றிய படங்களை, பாதிக்கப்பட்டவர் சொன்னால் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்று 2021 ஐ.டி. விதிகளில் இருக்கிறது. தாமதம் மட்டும் செய்யாதே. டெலிகாம் கம்பெனிகள், எந்த ஐபி யாரிடம் இருந்தது என்ற பதிவுகளை 2 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உத்தரவு வந்தது. மற்ற நிறுவனங்களின் சர்வர் லாகுகளுக்கு (யார் எப்போது வந்தார்கள் என்று சர்வர் தானே எழுதி வைக்கும் குறிப்பு) மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வைத்த கெடு 180 நாள். அதற்கப்புறம் அழிந்துபோனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மாட்டுவானா என்று கேட்பாய். பெரிய பெரிய ஆட்களே மாட்டியிருக்கிறார்கள். 2012ல் அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்குப் பெயரில்லாக் கணக்குகளிலிருந்து மிரட்டல் மெயில்கள் வந்தன. ஐபியைப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரில் ஹோட்டல் வைஃபை. ஒரு ஹோட்டலில் நூறு பேர் தங்கியிருப்பார்கள், என் எட்டு கேபின் கதைதான். எஃப்.பி.ஐ. என்ன செய்தது என்றால், அந்தந்தத் தேதியில் அந்தந்த ஹோட்டலில் தங்கியவர்களின் பட்டியலை வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தது. எல்லாப் பட்டியலிலும் இருந்த பெயர் ஒரு எழுத்தாளருடையது. அவர் அப்போதைய சி.ஐ.ஏ. இயக்குநர் பெட்ரேயஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு போனதில் அவர்கள் ரெண்டு பேருடைய உறவும் வெளியே வந்து, பெட்ரேயஸ் பதவி விலகினார். ஒரு ஐபி ஆளைக் காட்டாது. நாலைந்து ஐபி சேர்ந்தால் காட்டும்.

சிவகாசி: டி.டி.பி. வேலை செய்கிறேன். குக்கியெல்லாம் அழித்துவிட்டேன், ரூட்டரை அணைத்துப் போட்டு ஐபியையும் மாற்றினேன். ஆனாலும் நேற்றுப் பார்த்த அதே பிரிண்டர் விளம்பரம் இன்றும் துரத்துகிறது. எப்படி?

பல காரணம் இருக்கலாம். குக்கி என்பது தளங்கள் நம்மை அடையாளம் வைத்துக்கொள்ள நம் பிரௌசரில் போட்டு வைக்கிற சின்னக் குறிப்பு. ஏதாவது ஒரு கணக்கில் லாகின் ஆகியிருந்தால் குக்கியை அழித்ததும் ஐபியை மாற்றியதும் வீண், பெயரையே சொல்லிவிட்டுத்தானே உள்ளே போகிறீர்கள். லாகின் இல்லை என்றாலும் உங்கள் பிரௌசர் வாயாடி. போகிற இடமெல்லாம் தன் பதிப்பு என்ன, திரை எத்தனை அகலம், என்ன மொழி, எந்த நேர மண்டலம் என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும். (குரோம் இன்னமும் நம் நேரத்தை 'ஆசியா/கல்கத்தா' என்றுதான் சொல்கிறது. ஊர் பெயர் மாறி எத்தனை வருடம் ஆகிறது!) ஒவ்வொன்றும் லட்சம் பேருக்குப் பொது. சேர்த்துக் கட்டினால் உங்கள் ஒருவருக்கு மட்டும் பொருந்துகிற கட்டாகிவிடும். இ.எஃப்.எஃப். என்ற அமெரிக்க அமைப்பு 2010ல் சோதித்தபோது, வந்த பிரௌசர்களில் 83.6 சதவீதம் வேறு எதோடும் ஒத்துப்போகாமல் தனித்து நின்றன.

உங்களைப் பொறுத்தவரை ஃபான்ட்டுகள்தான் காட்டிக் கொடுக்கும். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், வெடிப்பெட்டி லேபிள் என்று ஆயிரம் வேலைக்குச் சேர்த்த பழைய தமிழ் ஃபான்ட்டுகள் நூற்றுக்கணக்கில் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும், பாமினியில் ஆரம்பித்து. ஒரு தளம் நினைத்தால், எழுத்தின் அகலத்தை அளந்து பார்த்தே இந்த ஃபான்ட் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கும். அத்தனை ஃபான்ட்டும் அதே கலவையில் வைத்திருக்கிற கம்ப்யூட்டர் உலகத்தில் ரெண்டு இருக்குமா? டிசைன் கம்ப்யூட்டரில் ஊர் சுற்றாதீர்கள். அதற்கு ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி: வி.பி.என். போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்கிறார்களே?

வி.பி.என். என்பது உங்கள் டேட்டாவை இன்னொரு கம்பெனியின் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் வசதி. இன்டர்நெட் கம்பெனிக்குத் தெரிந்துகொண்டிருந்தது இனி வி.பி.என். கம்பெனிக்குத் தெரியும். அவ்வளவுதான். ஓசி வி.பி.என். என்றால் அவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். 2022ல் செர்ட்-இன், வாடிக்கையாளர் விவரங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னதும் எக்ஸ்பிரஸ்வி.பி.என்., நார்டுவி.பி.என். போன்றவர்கள் இந்தியாவில் இருந்த சர்வர்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறைப்பதே காட்டிக் கொடுப்பதும் உண்டு. 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பரீட்சையைத் தள்ளிப் போட ஒரு மாணவன் வெடிகுண்டு மிரட்டல் மெயில் அனுப்பினான். டோர் என்ற, வி.பி.என்.னைவிடக் கெட்டியான முகமூடியைப் போட்டுக்கொண்டுதான் அனுப்பினான். மெயிலில் அவன் ஐபி இல்லை. ஆனால் டோரை இயக்கியது கல்லூரி வைஃபையில், தன் சொந்த லாகினில். அந்த நேரத்தில் வளாகத்தில் டோரில் இருந்தவர்கள் யார் யார் என்று பார்த்தார்கள். போய்க் கேட்டதும் ஒப்புக்கொண்டான்.

கடையநல்லூர்: வாட்ஸ்அப்பில் பேசினால் எதிரில் பேசுகிறவருக்கு என் ஐபி தெரியுமா?

ரெண்டு பேர் மட்டும் பேசுகிற காலில், விஷயம் தெரிந்தவரால் பார்க்க முடியும். செட்டிங்ஸ், பிரைவசி, அட்வான்ஸ்டு என்று போனால் அழைப்புகளில் ஐபியை மறைக்கும் வசதி இருக்கிறது, 2023 நவம்பரில் வந்தது. போட்டால் குரல் கொஞ்சம் இழுக்கலாம். தெரியாத ஆட்களோடு பேசுகிறவர் என்றால் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊர் சொல்லாதவர்: "அண்ணாச்சி, சொகமா இருக்கியளா? இன்னைக்கு வெள்ளிக்கிழமை, ஆபீஸ் அரை நாள்தான், அதான் உக்காந்து எழுதுதேன். இவ்வளவு பேசுறியளே, இந்த மெயிலை நான் எங்கிருந்து அனுப்புறேன்னு சொல்லுங்க பாப்போம். சொல்லிட்டா ஒரு வருசச் சந்தா கட்டுதேன்."

ஜிமெயில் வழியாக அனுப்பியிருக்கிறீர்கள், அதில் உங்கள் ஐபி எனக்கு வராது. அது தெரிந்துதான் சவால் விடுகிறீர்கள். ஆனால் 'ஷோ ஒரிஜினல்' என்று திறந்து பார்த்தால் மெயிலின் ஹெட்டரில், அதாவது தலைப்புக் குறிப்பில், தேதிக்குப் பக்கத்தில் +0400 என்று இருக்கிறது. –0700ல் ஒரு முறை பட்டவன், அதை விடுவேனா? நான்கு மணி நேரம் முன்னால் என்றால் அமீரகம், ஓமன், மொரீஷியஸ், இன்னும் சில. ஓமனில் வெள்ளிக்கிழமை முழு லீவு. வெள்ளி அரை நாள் என்பது 2022லிருந்து அமீரகத்து வழக்கம். அதிலும் ஷார்ஜா அரசு ஆபீஸ்களில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை. ஆகவே அது இல்லை. அநேகமாக துபாய் அல்லது அபுதாபி. சொந்த ஊர் திருநெல்வேலி அல்லது தூத்துக்குடிப் பக்கம், அதற்கு ஹெட்டர் தேவையில்லை, 'எழுதுதேன்' போதும்.

சந்தாவை அனுப்பி வையுங்கள். பத்திரிகை போய்ச் சேர வேண்டும் என்பதால் இந்த முறை முகவரியை முழுசாக எழுதுங்கள்.